ஒரு ஆள் குறைகிறது

சென்ட் பாட்டில் கொண்டுவருவான் என்றிருந்தேன்.
கறுப்புக் குழல் ஒன்றைத்
தோளில் சாத்திக்கொண்டு இறங்கினான்
குளச்சல் பஸ் ஸ்டாண்டில்.
'டச்சுக்காரன்கிட்ட பிடுங்குன பீரங்கியா?'
என்றார் ஆட்டோக்கார டெல்லஸ்.

கப்பலில் படங்களை ஏலம் விட்டார்களாம்.
குழலின் மூடி நனைந்துபோனதால்
கேட்க ஆளில்லாமல்
இவன் கைக்கு வந்ததாம்.
உருவி, சாப்பாட்டு மேசையில் விரித்து
நாலு மூலைக்கும்
உப்பு ஜாடி, ஊறுகாய்க் குப்பி,
ஜெபப்புத்தகம், என் செல்போன்
என்று பாரம் வைத்தான்.

பாரீசில் ஒரு ராத்திரி.
நூற்றுமுப்பது வருசம் பழகிய
கேஸ் விளக்கு மஞ்சள்.
ஆறு பெண்கள்
ஆறு கால்களை
உத்தரத்தை நோக்கி எறிந்திருக்கிறார்கள்.
பாவாடைக்குள் பாவாடைக்குள் பாவாடை,
கடியபட்டணம் பாறையில் ஏறி
உடைகிற வெள்ளை.
தொப்பிக்காரர்கள் பார்க்கிறார்கள்.
ஒருத்தன் மட்டும் கொட்டாவி விடுகிறான்.

'காபரே' என்றான்.
'தெரியும்' என்றேன்.
எனக்குத் தெரிந்தது
பழைய சினிமாவில் வில்லன் இருக்கிற இடம்.

மார்த்தாண்டத்தில் பிரேம்கடை.
சுவரெல்லாம் திரு இருதயம், முருகன், மக்கா மதீனா,
மாலைக்குக் காத்திருக்கும் முகங்கள்.
படத்தை விரித்ததும் கிறிஸ்துதாஸ்
ஷட்டரைப் பாதி இறக்கினார்.
'வீட்டுல மாட்டவா?'
'வீட்டுலதான்.'
'பெட்ரூமா?'
'ஹாலு.'
அதற்குமேல் அவர் கேட்டதெல்லாம்
தேக்கு நிறமா தங்க நிறமா.

ஒரு வாரம் கழித்து வந்தது.
சுற்றிலும் மூன்று விரல் அகலத்துக்கு
வெள்ளை அட்டை, தங்க வரம்பு.
நல்லா இருக்கு என்றேன்.
அவன் கிட்டே போனான், தள்ளி நின்றான்,
மறுபடி கிட்டே போனான்.

'ஒரு ஆளு குறையுது.'

இடது ஓரம், கீழே,
அட்டை விழுங்கிவிட்டதாம்
தட்டேந்தி நிற்கும் ஒருவனை.
நான் கவனித்ததே இல்லை.
பதினொரு வருடமாக
ஏழாம் தளத்து நடன அரங்கில்
தட்டோடு சுவரோரம் நிற்கிறவன்
வேறொன்றும் சொல்லவில்லை.
கழற்றி, பெட்ஷீட்டில் சுற்றி,
லீவு முடிய இரண்டு நாள் இருக்க
அவனே பஸ் ஏறினான்.
கடையிலேயே காத்திருந்து
மாற்றி வாங்கி வந்தான்.

இப்போது அட்டை இல்லை.
மரச்சட்டம் காதை உரச
நிற்கிறான் அந்த ஆள்.
ஆறு கால்கள் மேலே போன நொடியில்
அவன் பார்ப்பது
மேசையில் யாரோ கோப்பையை எடுத்துப்போன
ஈர வட்டத்தை.

செவ்வாய்க்கிழமை அன்பியம் எங்கள் வீட்டில்.
மூடிவைக்கலாமா என்று
கை துண்டுவரை போனது. வந்துவிட்டது.
ஜெபமாலை மூன்றாம் தேவரகசியத்தில்
பதினான்கு பேர் கண்ணும்
ஒரே பக்கம் நழுவியதைப் பார்த்தேன்.
முடிந்ததும் முதலில் எழுந்தவள்
தையல்கார எஸ்கலின்:
'ஒரு பாவாடைக்கு ஒம்பது மீட்டர் பிடிக்கும்.
பிரில்லு எல்லாம் கையாலயா வச்சிருப்பாளுவ?'
அமலோற்பவத்துக்கு மூட்டுக் கவலை:
'இப்பிடித் தூக்குனா
ராத்திரி எண்ணெ போடாம முடியுமா மக்கா?'
சிரிப்பில் வாழைக்காய் வறுவல் தீர்ந்தது.
ஓரத்து ஆளை ஒருத்தரும் கேட்கவில்லை.
நானும் காட்டவில்லை.
கட்டன்காப்பித் தட்டோடு
சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன்.

ஆடிக்காற்று எப்படியோ
கண்ணாடிக்குள் நுழைந்துவிட்டது.
அந்த ஆளின் பூட்சுக்குப் பக்கத்தில்
கடுகளவு பழுப்புப் புள்ளி.
துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்,
அது என் பக்கத்தில் இல்லை.
போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன்.
இரண்டு நாள் ஒற்றை டிக்.
எந்தக் கடலில் இருந்ததோ கப்பல்.
மூன்றாம் நாள் விடியுமுன்
ஒரே ஒரு வரி வந்தது:

'ஆளுக்கு ஒண்ணும் ஆவலையே?'